நடுவில் வழுக்கை விழும் பேட்ஜர் பிரஷ்: எவ்வளவு காலம் உழைக்கும், எதனால் கெடும்

பேட்ஜர் என்னும் வளை தோண்டும் விலங்கின் முடியில் கட்டிய ஷேவிங் பிரஷ் வாங்க நினைக்கிறவர் கேட்கும் முதல் கேள்வி, "எவ்வளவு நாள் உழைக்கும்?" என்பதுதான். ஒழுங்காகக் கட்டிய பிரஷ் தினசரி உபயோகத்திலும் பத்து வருடம் தாண்டும். அதே பிரஷ் ஒரே வருடத்தில் நடுமண்டையில் வழுக்கை விழுந்து குப்பைக்குப் போவதும் உண்டு. கடையில் எடுத்துப் பார்க்கிறவர்கள் எல்லோரும் நுனியைத்தான் கன்னத்தில் தடவிப் பார்க்கிறார்கள். ஆனால் பிரஷ்ஷின் ஆயுள் அடியில் இருக்கிறது, முடி கைப்பிடிக்குள் இறங்கும் அந்த விரற்கடை இடத்தில்.

அந்த இடத்தில் என்ன இருக்கிறது என்று முதலில் பார்த்துவிடலாம். முடிகளை ஒரு கற்றையாக அடுக்கி, அடிப்பக்கத்தைக் கட்டி, பசையில் இறுக வைக்கிறார்கள். இப்போது பெரும்பாலும் எபாக்ஸி, அதாவது இரண்டு பாகம் கலந்து இறுகும் பசை. இந்தக் கற்றைக்கு 'நாட்' என்று பெயர். கைப்பிடியில் குடைந்த குழிக்குள் இதை வைத்து ஒட்டினால் பிரஷ் தயார். பசை இறுகுவதற்குள் முடிகளுக்கு இடையே சற்று மேலேறி, நடுவில் ஒரு சிறு மேடாக நின்றுவிடும். முடியை இரு கட்டைவிரல்களாலும் பிளந்து நடுவில் அழுத்திப் பாருங்கள், கடினமாக ஒன்று தட்டுப்படும். அதுதான் பசை மேடு. எல்லாப் பிரஷ்ஷிலும் கொஞ்சம் இருக்கும், அது குறையல்ல. கைப்பிடி விளிம்புக்கு மேல் அரை அங்குலம் எழுந்து நின்றால் அது குறைதான்.

பசைக்குள் இருக்கும் முடி அசையாது, அதற்கு மேலே இருப்பது வளையும். ஆகவே முடி மடிவது எப்போதும் ஒரே இடத்தில். கம்பியை ஒரே இடத்தில் மடக்கி நிமிர்த்திக்கொண்டே இருந்தால் என்ன ஆகுமோ அதுதான் இங்கேயும் ஆகிறது. ஓரத்து முடிகள் பிழைத்துக்கொள்ளும். அழுத்தினால் வெளிப்பக்கமாகச் சாய அவற்றுக்கு இடம் உண்டு. நடு முடிகளுக்குப் போக வழியில்லை. மேலிருந்து வரும் அழுத்தத்தை நேராக வாங்கி அடியில் ஒடிகின்றன. போதாததற்கு, அலசும் தண்ணீர் கடைசியாகப் போய்ச் சேரும் இடமும் அதுவே, கடைசியாகக் காயும் இடமும் அதுவே. வழுக்கை எப்போதும் நடுவில் தொடங்குவதன் காரணம் இவ்வளவுதான்.

பியூர், பெஸ்ட், சூப்பர், சில்வர்டிப்

பேட்ஜர் முடியின் தரத்தைச் சொல்லும் இந்தப் பெயர்களுக்குப் பொதுவான நிர்ணயம் கிடையாது. ஒவ்வொரு கம்பெனியும் தன் வசதிக்குப் பெயர் வைத்துக்கொள்கிறது. ஒருவர் 'பெஸ்ட்' என்று விற்பது இன்னொருவரின் 'சூப்பர்' தரத்துக்கு நிற்கும். சிம்ப்சன் பிரஷ்களின் 'பெஸ்ட்' தரத்தைப் பற்றி உபயோகிப்பவர்கள் பல காலமாக அப்படித்தான் சொல்கிறார்கள். மூலே கம்பெனியின் 'சில்வர்டிப் ஃபைபர்' என்ற பிரஷ்ஷில் பேட்ஜர் முடி ஒன்றுகூடக் கிடையாது, முழுக்கச் செயற்கை இழை. பெயரின் முதல் பாதியை மட்டும் படித்து வாங்கிவிட்டு ஏமாந்ததாகப் புலம்புகிறவர்கள் உண்டு. நல்ல பிரஷ்தான் அது. வேறு பொருள், அவ்வளவே.

'பியூர்' என்பது மலிவான தரம். கருமை கூடியது, தடித்தது. வடிவம் வருவதற்காக நுனியை வெட்டியிருப்பார்கள், அதனால் புதிதில் முகத்தில் சுரண்டும். உழைப்பில் மட்டமில்லை, தடித்த முடி சீக்கிரம் ஒடியாது. 'பெஸ்ட்' அதைவிட மெல்லியது, நுனி பெரும்பாலும் இயற்கையாகவே கூர்ந்திருக்கும். 'சூப்பர்' என்ற பெயரில் வருவது பெரும்பாலும் இன்னும் வெளுப்பான, தேர்ந்தெடுத்த முடி. சில இடங்களில் வெளுப்பாக்கியதும் இருக்கும். 'சில்வர்டிப்' முடிக்கு நுனி இயற்கையிலேயே வெள்ளை, நடுவில் கருப்புப் பட்டை, அடியில் மறுபடி வெள்ளை. தண்ணீரை நன்றாகப் பிடித்து வைக்கும், நுரையை அள்ளித் தரும், விலையும் அதற்கேற்ப ஏறும். ஆனால் கூடுதல் விலை வாங்கித் தருவது மிருதுவை. கூடுதல் ஆயுளை என்று நினைத்தால் தவறு. மெல்லிய முடிக்கு முரட்டுக் கை ஆகவே ஆகாது.

இரண்டு பட்டை முடி தனி ரகம். நுனி வெள்ளை, அதற்குக் கீழே கைப்பிடி வரை கருப்பு. விறைப்பு அதிகம், முகத்திலேயே நுரை எழுப்புகிறவர்களுக்குப் பிடிக்கும். இதை நெருக்கமாக அடைத்துக் கட்டுவதால் உள்ளே ஈரம் தங்கும் நேரமும் அதிகம். ஒரே ஒரு பிரஷ்ஷை வைத்துக்கொண்டு தினமும் ஷேவ் செய்கிறவருக்கு அடர்த்தியான இரண்டு பட்டைப் பிரஷ்ஷை நான் சிபாரிசு செய்ய மாட்டேன். ஒரு நாளில் அது காய்ந்து முடிக்காது.

அளவைப் பொறுத்தவரை, 'நாட்' என்ற அந்தக் கற்றையின் விட்டம் 22 முதல் 24 மி.மீ., வெளியே தெரியும் முடியின் உயரம் 50 மி.மீ. சுற்றுவட்டாரம் என்பது பெரும்பாலோருக்குச் சரியாக வரும். உயரம் கூடினால் பிரஷ் தொளதொளவென்று ஆகிவிடும், நுரை எழவில்லையே என்று கை தானாக அழுத்தத் தொடங்கும். அங்கே ஆரம்பிக்கிறது வினை.

வாங்கும்போது பார்க்க வேண்டியவை

நுனியை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். இயற்கை நுனி ஊசிபோல் மெலிந்து, கிட்டத்தட்டக் கண்ணாடிபோல் தெரியும். வெட்டிய நுனி மொட்டையாக நிற்கும். பட்டைகள் அச்சடித்ததுபோல் எல்லா முடியிலும் ஒரே உயரத்தில் கறாராக இருந்தால் சாயம் என்று சந்தேகப்படலாம். நனைத்து ஒரு வெள்ளைத் துணியில் அழுத்தித் தேய்த்தால் சாயம் இறங்குவது தெரியும். பன்றி முடியிலும் குதிரை முடியிலும் பேட்ஜர் பட்டையைச் சாயத்தால் போடுவது பழைய தந்திரம். முதல் உலகப் போர்க்காலத்தில் இப்படிப் பேட்ஜர் வேஷம் போட்ட குதிரை முடிப் பிரஷ்கள் வழியாக ஆந்த்ராக்ஸ் தொற்றி, சிப்பாய்கள் உட்படப் பலர் பாதிக்கப்பட்டார்கள். முடியைக் கிருமி நீக்கிய பிறகே விற்க வேண்டும் என்ற கண்டிப்பு வந்ததில் அந்தச் சம்பவங்களுக்குப் பெரிய பங்கு உண்டு.

செயற்கை இழையா, முடியா என்று குழப்பமாக இருந்தால் உதிர்ந்த ஒன்றை இடுக்கியில் பிடித்துத் தீயில் காட்டுங்கள். முடி பொசுங்கி, தீய்ந்த வாடை அடித்து, தொட்டால் பொடியாகும். இழை உருகிச் சுருண்டு சிறு மணியாக இறுகும்.

கைப்பிடியில் ரெசின் எனும் கெட்டிப் பிளாஸ்டிக்தான் கவலையில்லாதது. மரக் கைப்பிடி அழகுதான்; ஆனால் மேல்பூச்சு ஒரு இடத்தில் விட்டாலும் தண்ணீர் உள்ளே போய், மரம் ஊறி உப்பி, பிறகு காயும்போது வெடிக்கும். குழி விரிந்தால் நாட் ஆடத் தொடங்கும். கொம்புக் கைப்பிடி ஈரத்தில் கோணும். உலோகம் கனம், சோப்புக் கையில் வழுக்கும்; பீங்கான் தொட்டியில் விழுந்தால் இரண்டில் ஒன்று காலி.

புது பிரஷ்: வாடையும் உதிர்வும்

புதுப் பேட்ஜர் பிரஷ்ஷை நனைத்ததும் நனைந்த நாயின் வாடை அடித்தால் பதற வேண்டாம். ஷாம்பு போட்டு அலசிவிட்டு, ஷேவிங் சோப்பால் கெட்டியாக நுரை எழுப்பி, அந்த நுரையோடு இரண்டு மூன்று மணி நேரம் விட்டு, பிறகு நன்றாக அலசுங்கள். இப்படி இரண்டு மூன்று முறை செய்தாலே பெரும்பாலும் போய்விடும். வாசனைத் திரவியம் தெளித்து மறைக்கப் பார்த்தால் இரண்டு வாடையும் சேர்ந்து அடிக்கும்.

முதல் பத்துப் பதினைந்து ஷேவுக்குள் சில முடிகள் உதிர்வது இயல்பு. கட்டும்போது பசையில் சரியாக மாட்டாத முடிகள் அவை. அதற்குப் பிறகும் நிற்காவிட்டால், உதிர்ந்த முடியைக் கையில் எடுத்துப் பார்ப்பதுதான் முதல் வேலை. அதைப் பிரஷ்ஷின் பக்கத்தில் வைத்து அளவு பாருங்கள். 50 மி.மீ. வெளியே தெரியும் பிரஷ்ஷில் முழு முடி அதைவிடச் சில மி.மீ. நீளமாக இருக்கும், பசைக்குள் புதைந்த பகுதியும் சேர்வதால். அப்படி முழு நீளத்துக்கு வந்தால் பசை பிடிக்கவில்லை என்று அர்த்தம். தயாரிப்புக் கோளாறு, தயங்காமல் மாற்றித் தரக் கேளுங்கள். 48, 50 என்று நின்று, அடிமுனை பிசிறாகவோ மொட்டையாகவோ இருந்தால் பசை மேட்டின் விளிம்பில் ஒடிந்த முடி அது. புதுப் பிரஷ்ஷில் அப்படி ஒடிந்தால் முடியே நொய்ந்து போயிருந்திருக்கலாம், வெளுக்கப் போட்ட ரசாயனம் கூடிப்போனதாலும் இருக்கலாம். ஒரு வருடம் கழித்து ஒடிந்தால் அநேகமாகக் கைதான் காரணம். விற்றவரோடு சண்டைக்குப் போகும் முன் இந்த ஒரு பரிசோதனையைச் செய்துவிட்டுப் போவது நல்லது. முடியை ஒரு தாளில் ஒட்டி, பக்கத்தில் அளவுகோல் வைத்துப் படம் எடுத்து அனுப்பினால் பேச்சு சீக்கிரம் முடியும்.

நுரை எழுப்புவதில்தான் பாதி ஆயுள்

வெதுவெதுப்பான தண்ணீரில் ஒன்று அல்லது இரண்டு நிமிடம் ஊறினால் போதும். பன்றி முடிக்குத்தான் நீண்ட ஊறல் வேண்டும். பேட்ஜர் முடி தண்ணீரைச் சீக்கிரம் பிடித்துக்கொள்ளும். தண்ணீரின் சூடு கை பொறுக்கும் அளவு, அதாவது 40 டிகிரி செல்சியஸை ஒட்டி. கொதிக்கும் தண்ணீரை ஊற்றினால் முடி நொய்ந்துபோகும், பசையும் இளகும். ஊறும்போது முடி மட்டும் முழுகட்டும், கைப்பிடி முழுகக் கூடாது. குவளையில் போட்டுவிட்டுக் குளிக்கப் போய், இருபது நிமிடம் கழித்து வந்து எடுக்கும் பழக்கம் பல பிரஷ்களின் குழியில் தண்ணீரை இறக்கியிருக்கிறது.

கட்டிச் சோப்பில் பிரஷ்ஷைச் சுழற்றும்போது முடியின் மேல் மூன்றில் ஒரு பங்கு மட்டும் விரிய வேண்டும். 50 மி.மீ. முடியில் அது 17 மி.மீ. அளவு. கைப்பிடி விளிம்பு சோப்பைத் தொடும் அளவுக்குப் பிரஷ் அமுங்கினால், நடு முடிகள் அத்தனையும் பசை மேட்டில் மடிந்துவிட்டன என்று அர்த்தம். முப்பது விநாடி மெல்லச் சுழற்றினால் நுனியில் போதுமான சோப்பு ஏறிவிடும். ஏறவில்லை என்றால் சோப்பு காய்ந்து கிடக்கிறது. அதன் மேல் கொஞ்சம் வெந்நீர் விட்டு இரண்டு நிமிடம் ஊறவிடுங்கள். பலத்தைக் கூட்டுவது வழியல்ல.

முகத்தில் சுழற்றலாமா, மேலும் கீழும் சுவருக்கு வெள்ளையடிப்பதுபோல் போடலாமா என்று இரண்டு கட்சி உண்டு. மெல்லச் சுழற்றினால் கெடாது. ஒரே திசையில், ஒரே இடத்தில், அழுத்தி, திருகாணி முறுக்குவதுபோல் சுழற்றுவதுதான் கெடுக்கும். முடிகள் ஒன்றோடொன்று முறுக்கி, உள்ளே சிக்கு விழும். அதை விரலால் இழுத்துப் பிரிக்கப்போய் இன்னும் பத்து முடி போகும். வெள்ளையடிக்கும் முறையில் பிரஷ்ஷுக்கு ஆபத்தே இல்லை, ஆனால் கெட்டித் தாடிக்கு அடியில் நுரை சரியாக இறங்காது. தொடக்கத்தில் மெல்லச் சுழற்றி, முடிவில் வெள்ளையடித்தால் இரண்டும் கிடைக்கும்.

அலசலும் உலர்த்தலும்

ஷேவ் முடிந்ததும் குழாயடியில் காட்டி மேலோட்டமாக நுரை போனதும் வைத்துவிடுவது வழக்கமான தவறு. மேலே சுத்தமாகத் தெரியும் பிரஷ்ஷின் அடியை இரு விரலால் அமுக்கிப் பாருங்கள், வெள்ளையாகச் சோப்பு கசியும். ஷேவிங் சோப்பு காரத்தன்மை உள்ளது, பி.எச். 9 முதல் 10 வரை போகும். அது முடியின் மேல் செதில்களை விரிய வைத்து வலுவைக் குறைக்கும். தினமும் மிச்சம் வைத்தால் அடியில் மட்டும் முடி நொய்ந்துகொண்டே வரும், நுனி பட்டுப்போல் இருக்கும்போதே.

குவளையில் வெதுவெதுப்பான தண்ணீர் பிடித்து, பிரஷ்ஷை முக்கி, உள்ளங்கையில் நுனியை லேசாகத் தட்டுங்கள். அடியை விரல்களால் அமுக்கி விடுங்கள். தண்ணீரை மாற்றி மறுபடி. நாலைந்து தடவையில் கசியும் தண்ணீர் தெளிந்துவிடும். பிறகு அடியிலிருந்து நுனி நோக்கி மெல்லப் பிழியுங்கள். பிழிவது வேறு, இழுப்பது வேறு. முடி வழுக்கிக்கொண்டு கையை விட்டுப் போக வேண்டும். மூன்று உதறல், காய்ந்த துண்டில் நான்கைந்து தடவல், அவ்வளவுதான்.

தொங்கவிட வேண்டுமா, நிமிர்த்தி வைக்க வேண்டுமா என்ற சர்ச்சைக்கு இவ்வளவு மை செலவாகியிருக்க வேண்டாம். உதறிய பிறகு முடிகளுக்கு இடையே மிஞ்சும் தண்ணீரை நுண்புழை விசை பிடித்து வைத்திருக்கும், தலைகீழாகத் தொங்கவிட்டாலும் சொட்டாது. காற்றுதான் அதை உலர்த்த வேண்டும். ஆகவே ஸ்டாண்டு அலங்காரம்தான், கட்டாயமில்லை. பொருந்தாத ஸ்டாண்டு கெடுதலும் செய்யும்: வளையம் கைப்பிடியின் கழுத்தைப் பிடிப்பதற்குப் பதிலாக முடியின் அடியை நெருக்கினால், அங்கே ஒரு வரிசை முடி ஒடியும். எப்படி வைத்தாலும் காற்றோட்டமான இடத்தில் வையுங்கள். குளியலறை அலமாரிக்குள் கதவை மூடி வைப்பதும், ஈரத்தோடு பயண டப்பாவில் அடைப்பதும் பூஞ்சணத்துக்கு விருந்து. ஊருக்குப் போகும் நாளில் காயாவிட்டால் ஒரு துணியில் சுற்றிக் கொண்டுபோய், போன இடத்தில் முதல் வேலையாக வெளியே எடுத்து வைக்கலாம். காய ஒரு முழு நாள் பிடிக்கும். இரண்டு பிரஷ் வைத்து மாறி மாறி உபயோகித்தால் இரண்டும் சேர்ந்து நீண்ட காலம் வரும்.

உப்புத் தண்ணீர்க்காரர்களுக்கு

சோப்பும் உப்புத் தண்ணீரும் சேர்ந்தால் தண்ணீரில் கரையாத ஒரு பிசுக்கு உண்டாகும். தண்ணீரில் உள்ள கால்சியமும் மெக்னீசியமும் சோப்பின் கொழுப்பு அமிலத்தோடு சேர்ந்து உண்டாக்குவது அது. பக்கெட்டின் உள்பக்கம் சாம்பல் நிற வளையமாகப் படியுமே, அதேதான். பிரஷ்ஷின் அடியில் இது படிந்தால் முடிகள் ஒட்டிக்கொண்டு கொத்துக் கொத்தாக நிற்கும், நுரை எழாது, எழாததால் அழுத்துவோம். பிரஷ்ஷைக் காயவைத்து, நடுவைப் பிளந்து, நல்ல வெளிச்சத்தில் பாருங்கள். பசை மேட்டைச் சுற்றி வெள்ளையாகத் தூளோ பொருக்கோ தெரிந்தால் இதுதான்.

வெறும் ஷாம்பு இதைத் தொடாது. அரை லிட்டர் வெதுவெதுப்பான தண்ணீரில் 50 மி.லி. வெள்ளை வினிகர் கலந்து, முடியை மட்டும் ஐந்து நிமிடம் முக்கி வையுங்கள், நடுவில் ஒன்றிரண்டு முறை சுழற்றி விடுங்கள். அமிலம் அந்தப் பிசுக்கை உடைத்துக் கொழுப்பு அமிலமாக மாற்றிவிடும். கொழுப்பு அமிலமும் வெறும் தண்ணீரில் போகாது. ஆகவே அலசிவிட்டு உடனே இரண்டு சொட்டு ஷாம்பு விட்டு, உள்ளங்கையில் ஒரு நிமிடம் நுரைத்து அலச வேண்டும். வரிசை முக்கியம்: முதலில் வினிகர், பிறகு ஷாம்பு. பலர் மாற்றிச் செய்துவிட்டு வினிகர் பிரயோஜனமில்லை என்கிறார்கள். நல்ல தண்ணீர் உள்ளவர்களுக்கு இரண்டு மூன்று மாதத்துக்கு ஒரு முறை போதும், உப்புத் தண்ணீர்க்காரர்கள் மாதம் ஒரு முறை செய்யலாம். கண்டிஷனர் போட்டால் முடியின் மேல் ஒரு வழவழப்புப் படிந்து அடுத்த இரண்டு மூன்று ஷேவுக்கு நுரை சோம்பும், தேவையில்லை. பிளீச்சிங் பவுடர், பிளீச் திரவம் இரண்டும் முடியையே கரைக்கும். பூஞ்சணத்துக்குப் பயந்து அதைத் தொட்டவர்களின் பிரஷ்ஷில் மிஞ்சியது கைப்பிடிதான்.

பழுதும் மாற்றும்

நாட் முழுசாகக் கழன்று வந்தால் பிரஷ் போகவில்லை. குழியில் உள்ள பழைய பசையைச் சுரண்டி, இரண்டையும் ஒரு நாள் நன்றாகக் காயவிட்டு, மெல்ல இறுகும் இரண்டு பாக எபாக்ஸியைக் குழியின் அடியில் மட்டும் வைத்து, நாட்டை நேராக நிறுத்தி, 24 மணி நேரம் தொடாமல் விடுங்கள். பசை அதிகமானால் ஓரமாக வழிந்து முடியில் ஏறும். ஏறிய முடியை மீட்க முடியாது. உடனடியாக ஒட்டும் சூப்பர் க்ளூ வேண்டாம். இறுகியதும் மொறுமொறுப்பாகி ஈரத்தில் விட்டுவிடும். நடு வழுக்கைக்கு மட்டும் வைத்தியம் கிடையாது. கைப்பிடி நல்லதாக இருந்தால் பழைய நாட்டைக் குடைந்து எடுத்துவிட்டுப் புது நாட் வைக்கலாம். நாட்டைத் தனியாகவே விற்கிறார்கள். குழியின் விட்டத்தை அளந்து அதற்குப் பொருந்துவதாக வாங்க வேண்டும்.

முடி எங்கிருந்து வருகிறது என்பதையும் சொல்லாமல் விட முடியாது. பிரிட்டனில் 1992-ஆம் ஆண்டுச் சட்டம் பேட்ஜரைப் பாதுகாக்கிறது. ஐரோப்பியப் பெயர் தாங்கிய பிரஷ்களிலும் முடி பெரும்பாலும் சீனாவிலிருந்து வந்ததுதான். அங்கே அந்த விலங்குகளை நடத்தும் விதத்தைக் காட்டும் காட்சிகளை பெட்டா ஆசியா 2018-ல் வெளியிட்ட பிறகு சில நிறுவனங்கள் பேட்ஜர் பிரஷ் விற்பதையே நிறுத்திக்கொண்டன. இது உறுத்தினாலும் சரி, மேலே சொன்ன அலசலுக்கும் உலர்த்தலுக்கும் பொறுமை இல்லையென்றாலும் சரி, இன்றைய செயற்கை இழைப் பிரஷ்ஷே நல்ல தேர்வு. சில மணி நேரத்தில் காயும், வாடை கிடையாது, அந்துப்பூச்சி தொடாது, மிருதுவிலும் நடுத்தரப் பேட்ஜரைத் தாண்டிவிட்டது. தண்ணீரைப் பிடித்துவைத்து, சூட்டோடு மெல்ல விடும் அந்த ஒரு குணத்தில் மட்டும் பேட்ஜர் இன்னும் முந்தி நிற்கிறது.

பேட்ஜர்தான் வேண்டும் என்பவருக்கு என் சிபாரிசு: நம்பகமான தயாரிப்பாளரின் 'பெஸ்ட்' தரம், 22 அல்லது 24 மி.மீ. நாட், ரெசின் கைப்பிடி. சில்வர்டிப்புக்குக் கொடுக்கும் கூடுதல் காசில் இரண்டாவது பிரஷ் ஒன்று வாங்கி மாற்றி மாற்றி உபயோகியுங்கள். ஒன்றை மாதக்கணக்கில் எடுத்து வைப்பதானால், வினிகர், ஷாம்பு குளியல் முடித்து இரண்டு நாள் காயவிட்டு, துணிப்பையில் போட்டு வையுங்கள். அந்துப்பூச்சியின் புழு கம்பளியைத் தின்பதுபோலவே இதையும் தின்னும், சோப்பு அழுக்கு இருந்தால் இன்னும் ஆசையாக. அந்துருண்டையை அலமாரியில் எட்டத்தில் வைக்கவும், பைக்குள் வேண்டாம். அந்த வாடை முடியில் ஏறினால், அடுத்த ஷேவில் மூக்குக்கு நேர் கீழே வந்து நிற்கும்.